மேலங்கி

ஹமில்டனில் கைவிடப்பட்ட உருக்காலை முற்றம்.
கடதாசிப் பனி; அதன்மேல் உண்மைப் பனி.
மணித்தியாலத்துக்குப் பதினெட்டு டொலர், சாப்பாடு அவர்களுடையது.

கதை இதுதான்: ஓடிப்போன சிப்பாய் ஒருவன்
செத்த கப்டனின் மேலங்கியை உரித்து மாட்டுகிறான்.
நாங்கள் இருபது பேர் விறைத்து நின்று
சல்யூட் அடிக்கவேண்டும்.

நடிகப் பெடியன் ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினான்,
விரல் நடுங்க, மெதுவாக, கண்ணில் நீர்.
அற்புதம் என்றார் டைரக்டர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக்கி விழுங்கினேன்.

தம்பி, முதலில் பையைத்தான் துழாவுவாய்.
பிஸ்கட் இருக்கிறதா என்று.
தோளில் எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் பிறகு.
கொலர் ஈரம் கழுத்தில் ஒட்டும்போதுகூட
வாய் மென்றுகொண்டிருக்கும்.

ஒன்பதாம் தடவை
என் கை நெற்றியிலிருந்து இறங்கவில்லை,
கட் சொல்லி, விளக்கணைத்து, கோப்பி வந்த பிறகும்.
உடுப்புப் பகுதிக் கொலீன்தான்
மெல்லப் பிடித்து இறக்கிவிட்டாள்.

சம்பளத் தாளில் ஒப்பமிட்டேன்:
ச. குணநாயகம்.

பிஸ்கட்டோடு கிடைத்த பெயர்.

ஆறரை பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டுக்குத்தான்.