மூன்று துறைகளில் ஒரு கடல்

அக்கா முதலில் கயிற்றைத்தான் சந்தேகப்பட்டாள்.
நனைந்து காய்ந்து நனைந்து
சுருங்கியிருக்கும் என்றாள்.
பாறையில் அப்பா அறைந்த இரும்பு வளையம்;
படகில் நின்று அவர் குனிந்து கட்டியதை
அவள் கையுயர்த்திக் கட்ட வேண்டியிருந்தது.

வாசாவுக்கு வடக்கே, போத்னியா வளைகுடாவில்
பனி உடைந்த மே மாதத்தில்
புதுக் கயிறு வாங்கினாள் குன்வோர்.
புதுக் கயிறும் எட்டவில்லை.

"அப்பாவைவிட நான் குட்டையா?"
என்று எனக்கு எழுதினாள்.
நான் தெற்கே, சுவீடனின் அடிநுனியில்,
தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள்.
தனிமை இவள் தலைக்கேறிவிட்டது என்று
கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பினேன்.

காலுறை பற்றி ஒரு சொல் இல்லை.
எண்கள் வந்தன.

பாறையில் உளியால் கோடு கீறி
தினம் காலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுமுன்
கோட்டிலிருந்து நீர்மட்டம் வரை அளந்திருந்தாள்.
குளிர்காலத்தில் கோடரியால் துளையிட்டு.
காற்று திரும்பினால் ஏறியது,
படுத்தால் இறங்கியது,
காரணமே இல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை
முழங்கை அளவு ஏறியது.
நோட்டு முழுக்கத் தள்ளாட்டம்.
கோயில்மணி அடிக்கும் ஹில்டிங் கேட்டாராம்:
"காசு எண்ணுகிறாயா, பாவம் எண்ணுகிறாயா?"
"இன்னும் தெரியவில்லை" என்றாளாம்.

குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பார்கள் என்பார்கள்.
இவள்
குட்டை குழம்பும் விதத்தைப் பிடிக்கப் பார்த்தாள்.

நாலு வருட நோட்டுகளைக் கூட்டி வகுத்து
கொட்டை எழுத்தில் அனுப்பினாள்:
கடல் வற்றுகிறது.

மதிய உணவை விட்டுவிட்டுத் துறைமுகம் போனேன்.
கல்யாணமான வாரம்
செருப்பைக் கழற்றிக் கால் நனைத்த படிக்கட்டு.
இருபது வருடம் கழித்தும்
அதே ஏழாம் படியில் அதே பாசி.
"வற்றவில்லை" என்று எழுதினேன்,
கொஞ்சம் திருப்தியோடுதான்.

ஸ்டாக்ஹோம் பக்கத்துத் தீவிலிருந்து தம்பி ரூரிக்:
இருபது வருடத்தில் நாலு விரல் இறங்கியிருக்கிறது.
அக்காவின் கணக்கிலோ எட்டு.
எட்டு. நாலு. ஒன்றுமில்லை.
ஒரே கடல்.
"நம்மில் யாரோ பொய் சொல்கிறோம்" என்று எழுதினாள்.
பிறகு மூன்று வாரம் எதுவுமில்லை.

அப்புறம் ஓர் அஞ்சலட்டை.
"தண்ணீர் இறங்கினால்
எல்லார் வாசலிலும் ஒரே அளவுதானே இறங்கும்?
பாறை, மாய்.
ஏறுவது பாறை."

முத்திரையை என் கட்டைவிரலில் குத்திக்கொண்டேன்.

வாசா நூலகத்தில் போய் மூச்சிரைக்கச் சொன்னாளாம்.
"எல்லோருக்கும் தெரிந்ததுதானே, மூன்றாம் அலமாரி"
என்றானாம் அங்கிருந்த பையன்.
படித்துவிட்டு எழுதினாள்:
ஒரு காலத்தில் மலைக்கனத்தில் பனி உட்கார்ந்திருந்ததாம்.
எழுந்துபோய்ப் பத்தாயிரம் வருடமாகியும்
மெத்தை இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கிறதாம்.

வெட்கமாக இருந்ததா என்று கேட்டேன்.
"எதற்கு? போன மாதம் வரை
எனக்குத் தெரியாதே!"

அதே கடிதத்தின் ஓரத்தில், பென்சிலில்:
"இங்கே மெத்தை எழும்பினால்
ஓரத்தில் எங்கோ அமுங்க வேண்டாமா?
உன் ஏழாம் படியை நன்றாகப் பார்த்தாயா?"

நன்றாகப் பார்க்கவில்லை.
பாசி இருந்தது, அவ்வளவுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை உளி வாங்கினேன்.
கடைக்காரர் எதற்கென்று கேட்டதற்கு
பதில் வரவில்லை எனக்கு.
விடியுமுன் படியில் குந்தி ஒரு கோடு,
கோணலாக.
மறுநாள் கிழக்குக் காற்று;
நீர் மூடி, கோட்டையே காணோம்.

முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்:
கோட்டைக் காணோம்.
காற்று கிழக்கு.