ஏறக்குறைய

திங்கள், காலை எட்டு மணி. நிபோங் திபால்.
பெயர்ப்பட்டியலில் நூற்று அறுபத்திரண்டு பேர்,
நாற்காலிகளில் தொண்ணூறு,
அதில் பாதி தூக்கத்தில்.
எந்திரவியல், மின்னியல், கட்டுமானம்.
மூன்றாம் விரிவுரைக் கூடத்து ஏர்கோனுக்குப்
பதினாறு டிகிரியைத் தவிர வேறெதுவும் தெரியாது.

‘டாக்டர், சரியான விடை எது?’
முதல் வரிசை யீ ஹான். ஒவ்வொரு வாரமும்.
பாலம் கட்டப் போகிறவன்; கேட்கத்தான் வேண்டும்.
திருகாணி பத்து மில்லிமீட்டர் என்றால் அவனுக்குப் பத்து.
நான் அந்தப் பத்தைப் பிடுங்கிக்கொண்டு
ஒன்பது புள்ளி ஒன்பது ஏழு,
பத்து புள்ளி சுழி நான்கு என்று
சில்லறை மாற்றித் தருகிறேன்.
ஏமாந்தவன்போல் பார்க்கிறான்.

பாடம் ஆங்கிலத்தில், சந்தேகம் மலாயில்.
தமிழ்ச்சொல் ஒன்று நாக்கடியில் கிடக்கிறது:
ஏறக்குறைய.
ஏறவும் குறையவும்
சொல்லுக்குள்ளேயே இடம் விட்டிருக்கிறார்கள்.
திட்ட விலக்கத்துக்கு எனக்கு மூன்று வாரம் வேண்டும்.
சந்தை மீன்காரர்
‘ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும்மா’ என்று
தராசைத் தொடாமலே முடித்துவிடுகிறார்.

எதையாவது முப்பது முறை அளந்து வாருங்கள் என்றேன்.
தர்ஷாயினியின் குழு ரொட்டி சானாயின் விட்டத்தை அளந்தது.
மஜ்லிஸ் ஆட்களென்று பயந்த கடைக்காரர்
மூன்றாம் நாளிலிருந்து பெரிதாகத் தட்டினாராம்.

ஹஸ்ருல் கொண்டு வந்தது,
ஜாவி நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நிமிடங்கள்.
கவிழ்த்த மணிபோல் ஒரு வரைபடம்.
நடுவில் பன்னிரண்டு, இருபுறமும் ஒரே சரிவு.
பாடநூலில்கூட அத்தனை அழகில்லை.
பட்டியலில் விரல் வைத்து இறங்கினேன்.
எட்டுக்கு அடுத்து எட்டு இல்லை.
பதினொன்றுக்குப் பின் இன்னொரு பதினொன்று, ஒருமுறைகூட.
பஸ்கள் அப்படிக் கூச்சப்படுவதில்லை.
கற்பனைக்குத்தான் சொன்னதையே திரும்பச் சொல்ல வெட்கம்.

தானாகவும் நேரலாம்,
நூற்றில் ஏறக்குறைய ஐந்து தடவை.
அந்த ஐந்தை நினைத்துத்தான்
குற்றம் சாட்டாமல் கேட்டேன்:
‘அந்த நிறுத்தத்தில் பெஞ்சு என்ன நிறம்?’

‘பெஞ்சே இல்லை, டாக்டர்.’

காலில் இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி.
பத்து காவானில் இரவு ஷிப்ட்.
தினமும் அங்கேதான் நிற்கிறானாம்.
எண்ணியதில்லை.

மூன்று வாரம் கொடுத்தேன்.
ஓவர்டைம் சீட்டுகளின் முதுகில் எழுதி வந்தான்.
11, 11, 9, 11, 14.
மணியுமில்லை, சரிவுமில்லை, பல் விழுந்த சீப்பு.
இருபத்திரண்டாவது: 97.
‘புவாங் பொலே, டாக்டர்?’
எடுத்துவிடலாமா என்கிறான்.

அன்று மழை. பஸ் வரவே இல்லை.
செம்பனைக் குலை ஏற்றிய லாரியொன்று
கேம்பஸ் வாசலில் இறக்கிவிட்டதாம்.
97க்குப் பக்கத்தில், பொடி எழுத்தில்,
அவனாகவே ஒரு கூட்டல்குறி போட்டிருந்தான்.
‘இது எதற்கு?’
‘வந்திருந்தால் தொண்ணூற்றேழு. வரவில்லையே.’

அந்தக் குறிக்குள் போய்ச்சேர
முதுகலையில் எனக்கு ஒரு பருவம் பிடித்தது.

எடுத்தால் சராசரி 12.
வைத்தால் 14.8.
இரண்டுமில்லை என்கிறது கூட்டல்குறி.
மதிப்பெண் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
பென்சிலால் வட்டமிட்டேன்.
பழைய பட்டியலை என்ன செய்வது,
இன்னும் முடிவெடுக்கவில்லை. இழுப்பறையில் இருக்கிறது.

பருவ இறுதியில் என்னையும் அளந்து அனுப்பினார்கள்:
ஐந்துக்கு 3.8.
பதில் தந்தவர்கள் நாற்பத்தொருவர்.
மற்றவர்கள் என்ன நினைத்தார்களென்று
புலத்தலைவர் கேட்கவில்லை.
யீ ஹான் இருந்தால் கேட்டிருப்பான், இப்போது.

அன்று மாலை ஜாவி வழியாக வீடு திரும்பினேன்.
பெஞ்சில்லாத நிறுத்தத்தில் இரண்டு பேர்,
ஒருத்தி கைப்பையைத் தலைக்குப் பிடித்திருந்தாள்.
சிவப்பு விளக்கில் மணி பார்த்தேன். 6.52.
இந்த நொடியிலிருந்து நான் எண்ணத் தொடங்கினாலும்
அவர்கள் நின்றது
அதற்கு மேல்.