இரண்டு விரல்

பூர்க்டோர்ஃப் நீதிமன்றம், இரண்டாம் மாடி.
ஹீட்டருக்குப் பக்கத்தில் என் கதிரை.
எதிரே நீதிபதி, அவர் முன்னால்
ஒரு பழுப்புக் கோப்பு, ஒரு தண்ணீர்க் குவளை.

விதி இது:
அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும்.
‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்க
மொழிபெயர்ப்பவளுக்கு அனுமதி இல்லை.
ஆகவே காலை ஒன்பது பத்துக்கு
ஜெர்மன் மொழியில் நான்
ஹோட்டல் சமையலறையில் தட்டுக் கழுவுகிறேன்,
எனக்கு மூன்று பிள்ளைகள்,
மார்ச் பதினான்காம் திகதி இரவு
ஒரு தோட்டத்து வேலியை இடித்துவிட்டு
நிற்காமல் போனேன்.

குகதாசன் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
வாயைப் பார்க்கிறார்,
தன் குற்றம் அதிலிருந்து
என்ன சத்தத்தில் வெளியே வருகிறது என்று.

“வீட்ட வந்துதான் கொஞ்சம் தண்ணி போட்டனான்.”
தண்ணி.
ஒரு கணம் அந்தச் சொல் என் நாக்கில்
தெளிந்து கிடந்தது.
அகராதிப்படி அது தண்ணீர்தான்.
பிராண்டி என்று சொன்னேன்.
தட்டச்சுப் பெண் நிமிரவே இல்லை.

சட்டத்தரணி ஏஷ்லிமன் கண்ணாடியைக் கழற்றினார்:
என் கட்சிக்காரர் ஓட்டும்போது குடித்திருக்கவில்லை.
வீடு வந்து, வேலியை நினைத்துப் பதறி,
அதன் பிறகு குடித்தார்.
இதற்கு ஜெர்மனில் ஒற்றைச் சொல் உண்டு.
தமிழில் கிடைக்கவில்லை. ‘பின்குடி’ என்று
இருந்த இடத்திலேயே ஒன்று செய்து கொடுத்தேன்.
குகதாசன் தலையாட்டினார்,
பிறந்த பிள்ளையின் பெயரைக் கேட்ட தகப்பன் மாதிரி.

எவ்வளவு குடித்தீர்கள்?
இரண்டு விரலைக் காட்டினார்.
நீதிபதி கேட்டார்: நிறுத்தியா, படுக்க வைத்தா?
எந்தக் கிளாஸ்? வாய் அகன்றதா?
இரண்டு விரல் எத்தனை சென்டிலிட்டர்?
மேசைக்குக் கீழே
என் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

இரத்தம் வேறு கணக்குச் சொன்னது:
ஆயிரத்துக்கு ஒன்று தசம் மூன்று.
வல்லுநர் அறிக்கை மணித்தியாலம் மணித்தியாலமாகப்
பின்பக்கம் நடந்து போனது.
இரண்டு விரலைக் கழித்த பிறகும்
வேலியடியில் வெறியோடேயே நின்றார் குகதாசன்.

தீர்ப்பு: நாற்பது நாள்.
சிறை இல்லை. இங்கே நாளைக் காசாக்குவார்கள்.
சம்பளத் துண்டைப் பார்த்து
ஒருவனுடைய ஒரு நாளுக்கு விலை வைப்பார்கள்.
குகதாசனின் நாள்: எழுபது பிராங்.
இரண்டு வருடம் ஒழுங்காக இருந்தால் அதுவும் கட்டத் தேவையில்லை.
தண்டம் மட்டும் உடனே.
லைசன்ஸ் வேறு கந்தோரின் வேலை, கடிதம் வரும்.

“ஒரு நாளுக்கு எழுபதோ” என்றார் மெதுவாக.
கூட என்றா, குறைவு என்றா, விளங்கவில்லை.
அதையும் மொழிபெயர்த்தேன்.
பதிய வேண்டாம் என்றார் நீதிபதி.

பிறகு என் படிவம்.
ஒரு மணித்தியாலத்துக்கு எண்பது.
கையெழுத்து வைத்தேன்.

போன ஞாயிறு லாங்கெந்தாலில்
ஒரு சாமத்தியவீடு முடிந்து
மூன்று கிளாஸ் வைனோடு ஓட்டி வந்தவள் நான்.
நல்ல மழை.
வேலிகள் தத்தம் இடத்தில் நின்றன.

படி இறங்கும்போது பின்னால் அவர் குரல்:
“தங்கச்சி, கார்லயோ வந்தனீங்கள்?
ஸ்டேசன் மட்டும்... பன்னிரண்டரைக்கு வேலை.”
வழக்காளியோடு பழகக் கூடாது என்பதும் விதி.
கோட்டுப் பைக்குள் சாவி உள்ளங்கையில் குத்தியது.
“நான் ரெயினில வந்தனான், அண்ணை.”
காலையிலிருந்து நான் சொன்ன
முதல் சொந்த ‘நான்’.

“அப்ப சேர்ந்து நடப்பம்” என்றார்.

நடந்தோம்.
அந்த வேலிக்காரக் கிழவருக்கு
மறுநாளே போய்ப் பலகை அடித்துக் கொடுத்தாராம்,
கோப்பி தந்தாராம் கிழவர்.
அதை ஏன் உள்ளே சொல்லவில்லை என்று கேட்டேன்.
“ஒருத்தரும் கேக்கேல்லையே.”

ரெயில் வர ஒன்பது நிமிடம்.
நீதிமன்றத் தரிப்பிடத்தில்
பதினொன்று ஐம்பது வரைக்கும்தான்
காசு போட்டிருந்தேன்.