சிவப்பு டேப், பச்சை டேப்

காசிமேட்டில் மூன்றாவது இரவு.
என் பெயர் இந்தச் செட்டில் யாருக்கும் தெரியாது.
டேட்டா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
டேட்டா, சாப்ட்டியா.
டேட்டா, கார்டு ரெடியா.
டேட்டா, குடையைக் கொஞ்சம் தள்ளிக்கோம்மா, ஃபிரேம்ல வருது.

வலைக் கொட்டகைக்குப் பின்னால்
கவிழ்த்துப்போட்ட மீன்கூடை மேல் என் பெட்டி.
செங்கல் அளவு, செங்கல்லைவிடக் கொஞ்சம் கனம்.
ஒரு பக்கம் கார்டு நுழைய வாய்.
மறுபக்கம் இரண்டு வட்டுக்கு இரண்டு வால்.
நடுவில் தீப்பெட்டி அகலத்தில் திரை.
அதில் ஏறும் எண்தான் எனக்குக் கடிகாரம்.

நவ்ஷாத் ஓடி வருவான்,
நிறைந்த கார்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு.
நிறைந்ததற்குச் சிவப்பு டேப்.
இரண்டு நகல் எடுத்து,
இரண்டையும் மூலத்தோடு ஒப்பிட்டு,
ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை என்று
பெட்டி சொன்ன பிறகுதான் பச்சை.
பச்சை ஒட்டாததை
டைரக்டர் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

ஒருமுறை போரூரில் வேறு யாரோ கொடுத்துவிட்டார்கள்.
கல்யாண ஊர்வலம், நானூறு பேர், ஒரு யானை.
எல்லாம் அழிந்தது.
நானூறு பேரையும் திரும்பக் கூப்பிட்டார்கள்.
யானையும் வந்தது.
முதல் நாள் நடந்த மாதிரி அது நடக்கவில்லை.

கடல் நூறடியில். காற்று மட்டும் இல்லை.
பெட்டி தோசைக்கல்லாகக் கொதிக்கிறது.
ஐஸ் கேட்டால் ஒரு லாரி கிடைக்கும் இடம்,
ஆனால் ஈரம் ஆகாது.
கால்ஷீட் தாளை மடித்து விசிறுகிறேன்.

கார்டு பதினாறு.
ஒவ்வொரு கிளிப்பிலும்
தொடக்கம், நடு, முடிவு தட்டிப் பார்ப்பேன்.
கடைசிக் கிளிப்பில்
'கட்' சொன்ன பிறகும் கேமரா ஓடியிருக்கிறது,
முகம் கவிழ்ந்து, தரையைப் பார்த்தபடி.
கேபிள். மீன் செதில். நீல வார்ச் செருப்பு ஒரு ஜோடி.
ஹெட்போனில்:
'பெல்ட் எங்கண்ணே?'
'வண்டியில கிடக்கு. ஒரு லைட்டுதான, ஏறு மணவாளா.'
கால்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகின்றன.
பிறகு பதினொரு நொடி
செருப்பு மட்டும்.
தரையில் வெளிச்சம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது.
பிறகு அந்தச் சத்தம்.

ஒன்றே முக்காலுக்கு அதை நேரிலும் கேட்டேன்.
மீன் தண்ணியில வழுக்கிட்டாரு என்றார்கள்.
ஆம்புலன்ஸ் போய் நாற்பது நிமிடத்தில்
வேறொருவர் ஏறினார்.
அவர் இடுப்பில் பெல்ட் இருந்தது.

மேனேஜர் தனபால் வந்தார்,
தன் கையாலேயே டீ எடுத்துக்கொண்டு.
'உன் பேர் என்னம்மா?'
சொன்னேன்.
'நல்ல பேரு.
அந்தக் கடைசித் துண்டு குப்பைதான?
எடிட்டருக்கு எதுக்குத் தலைவலி.
கார்டை ஃபார்மட் பண்ணிடு.'

திரையில் எழுபத்தொன்று.
'முடியட்டும் சார்' என்றேன்.
அவர் நின்றார்.
எழுபத்தெட்டு. எண்பது.
எண்பதில் ரொம்ப நேரம் இருந்தது.
டீயில் ஆடை படிந்தது.
படகு ஒன்று இன்ஜினை உதைத்து உதைத்துப் பார்த்தது.
நூறு.
முதல் வட்டு சரி.
இரண்டாம் வட்டு சரி.

சிவப்பை உரித்துப் பச்சை ஒட்டினேன்.
அவர் கண்ணெதிரே கார்டை அழித்தேன்.
எப்போதும் செய்வதுதான்.
'சமத்து' என்று சொல்லிவிட்டு
டீ கிளாஸைத் திரும்ப எடுத்துப் போனார்.
நான் இன்னும் குடிக்கவில்லை.

விடியலில் பேக்கப்.
முதல் வட்டு கம்பெனி காரில், கையெழுத்து வாங்கிக்கொண்டு.
இரண்டாவது என் பையில்:
இரண்டும் ஒரே கூரையின் கீழ் தூங்கக் கூடாது,
அது கம்பெனியே போட்ட விதி.

கொட்டகைச் சுவரோரம்
நீலச் செருப்பு அப்படியே கிடந்தது.
தாளில் சுற்றி அதையும் பையில் போட்டேன்.

வியாசர்பாடிக்கு ஷேர் ஆட்டோ.
மடியில் பை, பைக்குள் இன்னும் சூடு.
'ஸ்டான்லி இறங்குறவங்க யாராச்சும்?'
டிரைவர் கேட்டார்.
என் வீடு இன்னும் தூரம்.

இறங்கினேன்.