பிங்கோ அட்டை, இரண்டு டாலர்

நார்சிசா கிஸ்பே எண்களைக் கூப்பிடுகிறாள்.
குயென்காவில் ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கு, சனிக்கிழமை, மழை.
பிளாஸ்டிக் நாற்காலிகளில் நூற்று நாற்பது பேர்,
அட்டைகளின் மேல் மக்காச்சோள மணிகள்.
முதல் பரிசு, நாலு பர்னர் எரிவாயு அடுப்பு.
இரண்டாவது, சுட்ட பன்றித் தொடை.
மூன்றாவது என் கடையின் உபயம்:
மூன்று பஞ்சர் இலவசம்.

லீமாவுக்குப் போக வேண்டும் அவள்.
நடைப் போட்டி, இருபது கிலோமீட்டர்.
சங்கம் பனியன் அனுப்பியிருந்தது,
ஆண்கள் அளவில்.
கூடவே ஒரு கடிதம்:
பதக்கம் கிடைத்தால்
செலவுச் சீட்டுகளைக் கொண்டுவரவும்.

நானும் நடந்தவன்தான்.
ஆறு வருடம், அவளுக்கு அரை அடி பின்னால்,
விடியுமுன் டோமெபாம்பா ஆற்றங்கரையில்.
இடுப்பை வெட்டி வெட்டிப் போகும் எங்களைப் பார்த்து
ரொட்டி வண்டிக்காரன் விசிலடிப்பான்.
மகள் பிறந்த மாதம் என் ஷூவின் அடி கிழிந்தது.
பால் மாவா ஷூவா என்று
கடை வாசலில் ரொம்ப நேரமெல்லாம் நிற்கவில்லை.
விட்டுவிட்டேன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.
அடுத்த திங்கள் போகவில்லை, அவ்வளவுதான்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன்.

"பி ஏழு" என்கிறாள்,
மருந்துக்கடைச் சீருடையைக்கூட மாற்றாமல்.
"என் நாற்பது."
"ஓ எழுபத்தொன்று" என்றதும்
கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.
தோன் எலியோதோரோ.
அவள் குடியிருக்கும் அறையின் சொந்தக்காரர்.
மூன்று மாத வாடகை பாக்கி.
அரங்கில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும்.
அவர் சிரிக்கவில்லை,
அட்டையைச் சரிபார்க்கச் சொன்னார்.
சரியாகத்தான் இருந்தது.

அடுப்பை நானும் அவளும் தூக்கிப்போய்
அவருடைய வண்டியில் ஏற்றினோம்.
நான் கயிறு கட்டும்போது அவளிடம் சொன்னார்:
"லீமாவில் ஈரக் குளிராம், ஸ்வெட்டர் எடுத்துக்கோ.
வாடகையை வந்த பிறகு பேசலாம்.
பேசலாம்னுதான் சொன்னேன்.
மறக்கலாம்னு இல்லை."

அடுப்பின் விலை போக, பன்றிக்காரிக்குக் கொடுத்தது போக,
இருநூற்றுப் பதினொரு டாலர், பாதிக்கு மேல் சில்லறை.
போக வர பஸ்ஸுக்குக் காணும்.
சாப்பாட்டுக்கு அவள் அக்கா
வறுத்த சோளம் மூன்று பை கட்டிக் கொடுத்தாள்.
எல்லையில் நடுராத்திரி முத்திரை,
அப்புறம் பாலைவனம், அப்புறமும் பாலைவனம்.
கால் வீங்காமல் இருக்க
பஸ்ஸின் நடைபாதையில்
முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தாளாம்.
டிரைவர் இரண்டு முறை திட்டினாராம்.

போட்டியை நான் கடையில் பார்த்தேன்,
கிரீஸ் படிந்த போனில், விட்டு விட்டு.
பதினேழாம் கிலோமீட்டரில் படம் உறைந்தது.
உறைந்த படத்தில்
அவளுடைய இரண்டு கால்களும் காற்றில்.

எல்லோருக்கும் அப்படித்தான்.
வெறுங்கண்ணுக்குத் தெரியாதவரை குற்றமில்லை.
எனக்குத் தெரியும் அது. ஆனாலும்
உள்ளங்கையால் திரையை மூடிக்கொண்டேன்,
நடுவர் என் தோளுக்குப் பின்னால்
நிற்பதுபோல.

நான்காவது.
பதினொரு விநாடி வித்தியாசம்.
செலவுச் சீட்டுகளை ஓர் உறையில் போட்டு
ஏனோ இன்னும் வைத்திருக்கிறாள்.
மருந்துக்கடையில் ஆறு நாள் சம்பளம் பிடித்தார்கள்.
தோன் எலியோதோரோவின் சமையலறையிலிருந்து
நல்ல வாசனை வருகிறதாம், மாடிக்கு.

திங்கள், ஐந்து மணி.
சும்மாதான் போனேன் ஆற்றங்கரைக்கு,
கடை போடும் பழைய பூட்ஸோடு.
பனிமூட்டத்துக்குள் முதலில் குதிகால் சத்தம்,
பிறகு அந்த ஆண்கள் பனியன்,
முழங்கால்வரை.
என்னைத் தாண்டிப் போனாள்.
அரை அடி பின்னால் ஒட்டிக்கொண்டேன்.
இருநூறு மீட்டர் இருக்கும்.
நெஞ்சு அடைத்தது, பூட்ஸ் கனத்தது.
திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:
"முழங்கால் மடங்குது."