ஏழு யூரோ, சூப்பும் சேர்த்து

ஹௌகியார்வி ஏரியில்
பனியை அறுத்து முங்குகிறவர்களிடம்
முழுநிலவு இரவுக்கு ஆளுக்கு ஏழு யூரோ வாங்க வேண்டும்.
சவுனா விறகு, மீன் சூப்பு, ரம்பத்துக்கு எண்ணெய்
எல்லாம் அதற்குள் அடக்கம்.
இத்தனை வருஷமும் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது.
மூடியில் வெய்யோ கத்தியால் போட்ட கீறல்.
இப்போது யார் பையிலும் சில்லறை இல்லை.
ஜனவரியில் டப்பாவுக்குள் கிடந்தவை
பதினெட்டு யூரோவும் ஒரு கோட்டுப் பொத்தானும்.

கூடிப் பேசினோம், நாங்கள் மூன்று பேர்,
காபி ஆறும்வரை, ஆறிய பின்னும்.
வெய்யோவுக்கு அட்டை தேய்க்கும் எந்திரத்தின் மேல் ஆசை.
அதற்கு மாத வாடகை.
ஜூலையில் கொசுவைத் தவிர யாரும் வராத கரைக்கும்
கட்டியாக வேண்டும்.
ஹில்க்காவின் மகன் ஒரு டிக்கெட் தளம் காட்டினான்.
அழகுதான். நீலப் பின்னணி.
தண்ணீரில் இறங்குமுன் பிறந்த தேதி கேட்டது,
முகவரி கேட்டது,
ஓர் எண்ணாவது கலந்த கடவுச்சொல் கேட்டது,
டிக்கெட்டுக்கு எழுபது சென்ட் தனக்கு என்றது.
"ஏரியே இவ்வளவு கேட்பதில்லை" என்றாள் ஹில்க்கா.

முடிவில் ஒரு தாள்.
கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு சதுரம்,
கீழே என் கைபேசி எண்,
கண்ணாடியை மறந்து வருகிறவர்களுக்காகக் கொட்டை எழுத்தில்.
உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டினேன்.
அவ்வளவுதான். எளிது.

அன்றைக்கு மைனஸ் இருபத்துநாலு.
தாள் தாங்கியது. கைபேசிகள் தாங்கவில்லை.
எண்பது சதவீதம் என்று மார்தட்டியவைகூட
சதுரத்தின் முன் நீட்டியதும் கண்ணை மூடிக்கொண்டன.
துண்டு கட்டிய முப்பத்தொரு பேர்
செத்த கைபேசிகளை அக்குளில் வைத்துச் சூடேற்றி நிற்க
நிலா பார்த்துக்கொண்டிருந்தது.
"வீட்டுக்குப் போய் அனுப்புங்கள்!" என்று கத்தினேன்.
சூப்பு ஆறிக்கொண்டிருந்தது.

காலையில் வரத் தொடங்கின.
பணத்தோடு செய்தி எழுத ஒரு கட்டம் உண்டென்று
அப்போதுதான் கவனித்தேன்.
ஏழு. "உப்பு குறைவு."
ஏழு. "என் இடதுகால் சாக்ஸ் யாரிடம்?"
பதினான்கு. "போன வருஷத்துக்கும் சேர்த்து. மன்னிக்கவும்."
இரண்டு. செய்தி இல்லை.
உர்ஹோ பெல்கொனென் என்று முழுப் பெயர்.

இரண்டு யூரோ.
டப்பாவில் அது வெறும் சத்தம்.
எத்தனை குளிர்காலமாய் அந்தச் சத்தத்தைக் கேட்டு
சூப்பு ஊற்றியிருக்கிறேன்,
இரண்டாவது கிண்ணமும்.
மர ஆலை மூடியது எல்லோருக்கும் தெரியும்.
தெரிவது வேறு,
காலை ஏழு நாற்பதுக்கு
உள்ளங்கையில் அதிர்ந்து சொல்வது வேறு.

எது மலிவு, எது விரைவு என்றுதான் அன்று பேசினோம்.
பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி
எவ்வளவு தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று
யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

கணக்குப் புத்தகத்தில் பெயர்ப் பத்தியை அடித்துவிட்டு
மொத்தம் மட்டும் எழுதினேன்.
மார்ச்சில் தாளோடு டப்பாவையும் வைத்தேன்,
கதவுக்குப் பின்னால், விளக்கு எட்டாத இடத்தில்.
தாளில் ஒரு வரி கூட்டினேன்:
ஏழு, அல்லது முடிந்தது.
"இது விலையா, வேண்டுதலா?" என்றான் வெய்யோ.

உர்ஹோ வந்தபோது
அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று
தேவைக்கு மேல் கிண்டிக்கொண்டிருந்தேன்.
முதுகுக்குப் பின்னால் ஏதோ விழுந்தது.
நாணயமோ, பொத்தானோ.

இரவு தலைக்கு ஏழு வைத்துக் கூட்டிப் பார்த்தால்
நான்கு யூரோ அதிகம்.
குறைந்தபோதெல்லாம் தோளைக் குலுக்கிய வெய்யோ
இதற்குத்தான் நிம்மதி இழந்து
ஈரத் தலையோடு உட்கார்ந்து
மூன்று தடவை திரும்ப எண்ணினான்.