நனைந்தவர் மேல் மின்னல் விடாதே

திரைக்குக் கீழே நான் எழுதி ஒட்டிய ஒரே விதி இதுதான்.
இதுவரை மிர்கோவைப் பதினேழு முறை கொன்றிருக்கிறேன்.
அவன் என்னைக் கொன்ற கணக்கு
அவனிடமே இல்லை.

புந்தா அரேனாஸில் டிசம்பர்.
இரவு பத்துக்கும் வெயில் போக மறுக்கிறது.
சதுக்கத்தில் ஆட்கள் பிடித்து நடக்கக்
கயிறு கட்டியிருக்கிறார்கள், அப்படி ஒரு காற்று.
படகுத்துறையில் நாளெல்லாம் சீட்டுக் கிழித்த கையோடு வந்து
சன்னலில் போர்வையை ஆணியடித்து
எனக்கென்று ஓர் இருட்டைச் செய்துகொள்கிறேன்.

நான்கு மந்திரவாதிகள். நான்கு அங்கிகள்.
சிவப்பு மிர்கோ, பச்சை தமாரிஸ், நீலம் நான்.
எலிசேயோ தாமதமாய் வந்ததால் சாம்பல்.

"இன்றைக்கு யார் குணப்படுத்துவது?"

யாரும் வாய் திறக்கவில்லை.
ஒலிவாங்கிகளில் காற்று மட்டும்.
முதலில் மேற்கே மிர்கோ வீட்டுக் கூரை அதிரும்,
பிறகு தமாரிஸ், பிறகு எலிசேயோ,
நான் ஒன்று இரண்டு எண்ணி முடிக்கும்போது
என் தகரம்.

தமாரிஸ் சூத்திரங்களைச்
சமையல் குறிப்புப்போல நோட்டில் எழுதுகிறவள்:
நீரும் குளிரும் பனிக்கட்டி,
கல்லும் நெருப்பும் எரிகுண்டு.
பன்னிரண்டு அடித்தால் மீன் ஆலைக்கு ஓடுவாள்,
பாதிச் சண்டையில், அங்கி நின்ற இடத்திலேயே நிற்கும்.
எலிசேயோ எதையும் செலவழிக்க மாட்டான்.
முப்பத்தொரு மருந்துக்குப்பிகள்,
ஒவ்வொரு முறையும் நிறைந்த பையோடு சாவான்.
மிர்கோவுக்குக் கை முந்தும், காது பிறகு வரும்.
நான் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் இருமுறை சேமிக்கிறவள்.
இதற்காக என்னைக் கேலி செய்வார்கள்.
செய்யட்டும்.

வியாழனிலிருந்து
மிர்கோவும் எலிசேயோவும் பேசுவதில்லை.
இரவல் வாங்கிய வேன், நசுங்கிய கதவு,
"முன்னாலேயே அப்படித்தான் இருந்தது" என்ற ஒரு வாக்கியம்.
ஆனாலும் ஒன்பது மணிக்கு இருவரும் வந்துவிடுகிறார்கள்.
"யாஸ்னா, இடப்பக்கம் போகச் சொல்."
"யாஸ்னா, அவனுக்குக் கண் இருக்கிறதா என்று கேள்."
நான் மந்திரவாதியா, தபால்காரியா?

கல் அரக்கன் முதலில் என்னை மிதித்தான்.
அடுத்து தமாரிஸ்.
மிர்கோ உறைந்த ஏரியில் தன் நெருப்பாலேயே
துளை போட்டு விழுந்தான்.
மிஞ்சியது சாம்பல் அங்கி.

செத்தவர்கள்தான் இந்த விளையாட்டில் அதிகம் பேசுவார்கள்.
"ஓடு!" "பின்னால்!" "குப்பியைக் குடியேன், கஞ்சா!"
மிர்கோ மட்டும் பேசவில்லை.
அவன் வீட்டுக் காற்று கேட்டது.

உயிர்ப்பிக்க ஏழு பொத்தான்கள்.
எலிசேயோ அவசரத்தில் தவறாய் அழுத்தி
மழையை வரவழைத்தான்.
அவன் தொப்பி, தாடி, ஏரிக்கரை எல்லாம் சொட்டச் சொட்ட.
ஏழாவது பொத்தான் மின்னல்.
"முதலில் நெருப்பில் உலர்த்திக்கொள்!" தமாரிஸ் கத்தினாள்.
அதற்கு நேரமில்லை, அரக்கன் கையை ஓங்கிவிட்டான்.
மறுபடி ஆரம்பித்தான். தட்டச்சுச் சத்தம் எங்களுக்குக் கேட்டது.
உயிர். உயிர். கல்.
நீர். உயிர். உயிர்.

மிர்கோ வீட்டுக் கூரை அதிர்ந்தது.
பிறகு யாருடைய கூரையும் கேட்கவில்லை.

மின்சாரம் போய்விட்டது, தெரு முழுக்க.
வெளிச்சம் போகவில்லை.
போர்வையைப் பிடுங்கினேன், பழுத்த வெயில்
அணைந்த திரையில் என் முகத்தைக் காட்டியது.

கைபேசி ஒளிர்ந்தது.
எங்கள் குழுவில், மிர்கோ:
"ஆறு எண்ணினேன்."

வெகுநேரம் கழித்து எலிசேயோ:
"நனைந்திருந்தேன்."

"தெரியும்."

ஏழாவதை அழுத்தியிருப்பானா என்று
அவன் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.
தமாரிஸ்தான் இடையில் புகுந்தாள்:
"கடைசியாய் எந்தக் கதவில் சேமித்தோம்?"

நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
இன்று மட்டும், கேலிக்குக் கூசி,
ஒரு கதவிலும் சேமித்திருக்கவில்லை.